‘நுவரெலியாப் பக்கம்’ என்று சொல்லும் மகளுக்கு

கேள்வியின் சுருக்கம்: “ஹட்டனுக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தேன். கொழும்பில் பல்கலைக்கழகப் படிப்பை முடித்துவிட்டேன். ஊர் எது என்று கேட்டால் ‘நுவரெலியாப் பக்கம்’ என்று சொல்லிச் சமாளிக்கிறேன். பேச்சையும் மாற்றிக்கொண்டேன். வீட்டுக்குப் போனால் ‘கொழும்புக்காரி வந்துவிட்டாள்’ என்று கிண்டல், மாமா மகனைக் கட்டச்சொல்லி நெருக்கடி. அடுத்த மாதம் பட்டமளிப்பு விழா. அம்மாவை அழைக்கத் தயக்கமாக இருக்கிறது. எங்குமே நான் நானாக இல்லை. என்ன செய்வது?”

மகள், உங்கள் கேள்விக்குள் மூன்று நான்கு சங்கதிகள் பின்னிக் கிடக்கின்றன. ஊரை மறைப்பது ஒன்று, பேச்சை மாற்றுவது இன்னொன்று, கல்யாண நெருக்கடி வேறொன்று. அம்மாவை அழைக்கத் தயங்குவது எல்லாவற்றையும்விடப் பெரிது. அதைப் போய்க் கேள்வியின் வாலில் வைத்திருக்கிறீர்கள். இவ்வளவையும் ‘நான் நானாக இல்லை’ என்ற ஒரே வசனத்தில் கட்டிவிட்டால் எதற்கும் வழி கிடைக்காது. ஆகவே பிரித்தே பேசுகிறேன். தோட்டப் பாடசாலைகளில் கற்பித்தே தலை நரைத்தவள் நான். உபதேச வாடை வீசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஊர். ஹட்டன் நுவரெலியா மாவட்டத்தில்தான் இருக்கிறது, ஆகவே நீங்கள் சொன்னது பொய்யும் இல்லை. மாவட்டத்தின் பெயரைச் சொல்லித் தோட்டத்தின் பெயரை விழுங்கிவிடுவது எங்கள் ஆட்களின் பழைய வித்தை. பதுளைத் தோட்டத்துப் பிள்ளை ‘பதுளை டவுன்’ என்பார், இரத்தினபுரித் தோட்டத்துப் பிள்ளை ‘இரத்தினபுரி’ என்று நிறுத்திக்கொள்வார். இதை உங்கள் தனிப்பட்ட கோழைத்தனம் என்று நினைத்துத்தான் நீங்கள் குமைகிறீர்கள். மறைப்பதற்கு இங்கே காரணம் இருந்தது, அதுவும் சட்டப் புத்தகத்திலேயே இருந்தது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தோட்ட வேலைக்கென இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த மலையகத் தமிழரில் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. தகப்பன் இங்கே பிறந்தார், அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்கள் என்று நிரூபிக்கச் சொன்னது. பிறப்புப் பதிவே ஒழுங்காக நடக்காத லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பத்திரத்துக்கு எங்கே போவது? 1964 ஒக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இங்கே குடியுரிமை, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று. அந்த மீதியை 1974இல் இரு நாடுகளும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. கடைசி முடிச்சு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் அவிழ்ந்தது. இதற்கிடையில் தமிழருக்கு எதிரான 1958, 1977, 1981, 1983 வன்செயல்கள். 1977க்குப் பின் எத்தனையோ குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போயின. அங்கே ஆறுதலும் கிடைத்தது, ‘தோட்டக்காட்டான்’ என்ற ஏச்சும் கிடைத்தது. பஸ்ஸில் பொட்டை அழித்துக்கொண்டு, வாய் திறக்காமல் இருந்து உயிர் தப்பிய பெண்களை எனக்குத் தெரியும். அவர்கள் தங்களுக்கு உண்மையாக இருக்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன்.

குடிசன மதிப்பீட்டிலும் இந்த மறைப்பு தெரிகிறது. எங்களைக் கணக்கெடுக்கும் ‘இந்தியத் தமிழர்’ பிரிவில் 1981இல் 8,18,656 பேர், மொத்தச் சனத்தொகையில் 5.5 சதவீதம். முப்பது வருடம் கழித்து, 2012இல், 8,39,504 பேர், 4.1 சதவீதம். கப்பலேறி இந்தியா போனவர்கள் இதற்கு ஒரு காரணம். அந்தப் பிரிவில் பதிந்தால் பிள்ளைகளுக்கு என்ன கேடு வருமோ என்று அஞ்சி, ‘இலங்கைத் தமிழர்’ என்று பதியச் சொன்னவர்கள் இன்னொரு காரணம். உங்கள் ‘நுவரெலியாப் பக்கம்’ அந்தப் பதிவின் பேத்தி.

பேத்திக்குப் பாட்டியின் பயம் அத்தனையும் தேவையா என்பது வேறு கேள்வி. பாட்டி மறைத்தது உயிருக்கும் கடதாசிக்கும் பயந்து. நீங்கள் மறைப்பது விடுதி அறையில் மூன்று பெண்களின் முகச்சுளிப்புக்குப் பயந்து. அதோடு, மறைத்ததைப் பராமரிப்பது லேசான வேலை இல்லை. தோட்டத்து முகவரி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்: டிவிசன் (தோட்டத்தின் பிரிவு), தோட்டம், தபாற்கந்தோர். வீட்டு இலக்கமோ வீதியோ கிடையாது. பல்கலைக்கழகப் பதிவு, மகாபொலப் புலமைப்பரிசில் விண்ணப்பம், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் அதைத்தான் எழுதியிருப்பீர்கள். கந்தோர்களுக்கெல்லாம் தெரிந்தது அறைத்தோழிக்குத் தெரியாமல் இருக்க எத்தனை கடிதங்களைக் கவிழ்த்து வைத்தீர்கள்? லீவுக்கு உங்கள் வீட்டுக்கு வருகிறோம் என்றவர்களுக்கு எத்தனை சாக்குச் சொன்னீர்கள்? உங்கள் களைப்பு அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

மறைப்பதெல்லாம் தன்னை இழப்பது என்றும் நான் சொல்லமாட்டேன். கோ. நடேசையரை எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர்க்காரர். தோட்டத்துக்குள் வெளியாள் கால்வைத்தால் அத்துமீறல் என்று வழக்குப் போட்ட காலம் அது. அவர் துணி வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் நுழைந்து, தொழிலாளர் நிலையைக் கண்ணால் கண்டுவிட்டு வந்து எழுதினார், 1931இல் ஹட்டனில் தொழிற்சங்கத்தைத் தொடங்கினார். அவர் மனைவி மீனாட்சி அம்மை கூட்டங்களில் மேடையேறிப் பாடினார். அந்தக் காலத்தில் ஒரு பெண் தோட்டத்துக் கூட்டத்தில் அரசியல் பாட்டுப் பாடினால் ஊர் எப்படிப் பார்த்திருக்கும் என்று உங்களுக்கு விளக்கவேண்டியதில்லை. துணி மூட்டைக்குப் பின்னால் மறைந்திருந்தபோதும், யாருக்காக அங்கே வந்தோம் என்பதில் நடேசையருக்குக் குழப்பம் இருக்கவில்லை. வேடம் அவர் கையில் இருந்தது. உங்கள் விஷயத்தில் வேடத்தின் கையில் நீங்கள் இருக்கிறீர்கள்.

ஆகவே எல்லாரிடமும் போய் முழு வரலாற்றையும் ஒப்புவிக்க வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். பஸ்ஸில் பக்கத்து ஆசனக்காரருக்கு உங்கள் டிவிசனின் பெயர் எதற்கு? அறை வாடகைக்குத் தருபவர் ஒரு மாதிரியான ஆள் என்று பட்டால் அவரிடம் சொல்லாமலிருப்பதே புத்தி. தினமும் முகம் பார்த்துச் சாப்பிடுகிறவர்களிடம் சொல்லுங்கள். அதையும் மன்னிப்புக் கேட்கும் குரலில் சொல்லாதீர்கள். ‘நுவரெலியாப் பக்கம்’ என்பதற்கு அடுத்த வசனமாகத் தோட்டத்தின் பெயரைச் சேருங்கள், போதும். “அங்கே நல்ல குளிராமே, உங்களுக்கென்ன குறை” என்று யாராவது சொல்வார்கள். லயத்துக் கூரையில் ஒழுகும் குளிரைப் பற்றி அப்போதே பாடம் எடுக்கத் தேவையில்லை.

பேச்சு விஷயத்தில் நீங்கள் வீணாகக் குற்றவாளிக் கூண்டில் ஏறி நிற்கிறீர்கள். ஹட்டனில் மரக்கறிக் கடை வைத்திருப்பவர் தோட்டத்து ஆச்சியிடம் ஒரு தமிழும், யாழ்ப்பாணத்து ஆசிரியரிடம் இன்னொரு தமிழும், பொலிஸ்காரரிடம் சிங்களமும் அரை மணி நேரத்துக்குள் பேசிவிடுவார். அவர் தன்னைத் தொலைத்துவிட்டார் என்று யாரும் சொல்வதில்லை. நானும் வகுப்பில் ஒரு மாதிரியும் வீட்டில் வேறு மாதிரியும்தான் பேசினேன். நான் கேட்பது வேறு. விடுதியில் யாரோ ‘காம்பரா’ (அறை), ‘இஸ்தோப்பு’ (முன் திண்ணை) என்று தோட்டத்துப் பேச்சை நடித்துக்காட்டியபோது நீங்களும் சேர்ந்து சிரித்தீர்களா? சிரித்திருந்தால் உறுத்தல் அங்கேதான் இருக்கிறது. அந்த இஸ்தோப்பில்தான் உங்கள் அம்மா மழையில் ஊறிய, இடுப்பில் கட்டும் படங்கை அவிழ்த்துத் தொங்கவிட்டு, காலில் ஒட்டிய அட்டையைப் பிடுங்கிப் போட்டுவிட்டு உள்ளே வருவார். எதிர்த்துப் பிரசங்கம் செய்யவேண்டாம். சிரிக்காமல் இருங்கள். அடுத்த நாள் உங்கள் வாயில் இயல்பாக அதே சொல் வந்தால் விழுங்காமல் விடுங்கள். கொஞ்ச நாளில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

கூட்டத்தோடு ஒத்துப்போவது தோட்டத்துப் பெண்களுக்கு மட்டும் உள்ள பலவீனம் என்றும் எண்ணவேண்டாம். அமெரிக்காவில் சொலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950களில் ஒரு பரிசோதனை செய்தார். ஓர் அட்டையில் ஒரு கோடு, மற்ற அட்டையில் மூன்று கோடுகள். முதற் கோட்டுக்குச் சமமானது எது என்று சொல்லவேண்டும். சின்ன வகுப்புப் பிள்ளையும் சரியாகச் சொல்லும். அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தாலும் ஒருவர்தான் உண்மையான பங்காளர், மற்றவர்கள் ஏற்கனவே சொல்லிவைக்கப்பட்டவர்கள். 18 சுற்றுகளில் 12இல் அவர்கள் வேண்டுமென்றே ஒரே பிழையான விடையைச் சொல்வார்கள். தனியே இருந்தால் நூற்றுக்கு ஒன்றுகூடப் பிழை விடாத மனிதர்கள், அந்த 12 சுற்றுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூட்டத்தின் பிழையையே திருப்பிச் சொன்னார்கள். ஒரு தடவையாவது வளைந்துகொடுத்தவர்கள் முக்கால்வாசிப் பேர்.

இந்த முக்கால்வாசியைச் சொல்லிவிட்டு ‘பார்த்தீர்களா, மனிதர்கள் ஆட்டு மந்தை’ என்று முடித்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த பகுதி. அறையில் இன்னும் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னால், கூட்டத்துக்கு வளைந்த விடைகள் நூற்றுக்கு ஐந்து அளவுக்குக் குறைந்தன. ஒரே ஒருவர். அந்த ஒருவர் நடுவில் மற்றப் பக்கம் சாய்ந்துவிட்டால் எண்ணிக்கை மீண்டும் ஏறியது.

அதனால் ‘தைரியமாக இரு’ என்று நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. துணை தேடுங்கள் என்கிறேன். உங்களோடு படித்தவர்களில் ‘தலவாக்கலை டவுன்’, ‘பண்டாரவளை’ என்று சொல்லி நிறுத்திக்கொள்கிற இன்னொரு பெண் நிச்சயம் இருப்பாள். எங்கள் கண்ணுக்கு எங்கள் ஆள் தப்பமாட்டார். இதில் ஒரு விசித்திரம் உண்டு: ஊரை மறைக்கிற இரண்டு பேர்தான் ஒருவரையொருவர் அதிகம் தவிர்ப்பார்கள், மற்றவள் வாயால் தன் கதை வெளியே வந்துவிடுமோ என்ற பயத்தில். நீங்களாகப் போய்ப் பேசுங்கள். 2023இல் மலையக மக்களின் இருநூறு வருட வரலாற்றை நினைத்துத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைப்பயணம் நடந்தது, ஆகஸ்ட் 12ஆம் திகதி முடிந்தது. தோணியில் வந்து இறங்கி, காட்டுவழியில் காய்ச்சலிலும் பசியிலும் ஆட்களைப் பறிகொடுத்துக்கொண்டு முன்னோர் நடந்த பாதை அது. சிங்களவரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தார்கள். அந்தக் கூட்டத்தில் தோட்டத்தின் பெயரைச் சொல்ல யாருக்கும் தனியாகத் தைரியம் தேவைப்பட்டிருக்காது.

இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. ஊரைச் சொல்லத் தொடங்கிய மறுநாளே உங்களை அசல் தோட்டத்துப் பெண்ணாக நடிக்கச்சொல்வார்கள். கலைவிழாவா, கூப்பிடு மலையகப் பிள்ளையை, முதுகில் கொழுந்துக் கூடையை மாட்டி ஆடவிடு! ஆய்வுக்கு வருகிற சிலருக்கோ உங்கள் வாயிலிருந்து அட்டைக்கடியும் கண்ணீரும் மட்டுமே வரவேண்டும். இதுவும் நெருக்குதல்தான், மாலையோடு வருகிற நெருக்குதல். உங்களுக்குக் கொழுந்து பறிக்கவே தெரியாது, கணக்கியலும் கிரிக்கெட்டும்தான் பிடிக்கும் என்றால் அதைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். தப்பு என்ற பறை விஷயத்தில் இந்த இழுபறியை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். காமன் கூத்திலும் சாவு வீட்டிலும் தப்படித்த குடும்பத்துப் பையன், “சாதியை வைத்துத்தானே எங்களை மட்டும் அடிக்கவிடுகிறீர்கள்” என்று குச்சியைக் கீழே போடுகிறான். அவனுடைய தம்பி அதே தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு கொழும்பு மேடையில் ஏறுகிறான். அண்ணன் பண்பாட்டைக் கைவிட்டான், தம்பி அவமானத்தை விலைபேசினான் என்று இருவரையும் ஏசுகிறவர்கள் ஒருநாளும் தப்பைத் தொட்டவர்களாக இருக்கமாட்டார்கள். அண்ணனும் சரி, தம்பியும் சரி என்பது என் கட்சி.

இனி வீடு. ‘கொழும்புக்காரி’ கிண்டலைப் பெரிதாக எடுக்காதீர்கள். அதில் பாதி அன்பு, கொஞ்சம் பொறாமை, மீதி இவள் திரும்பி வரமாட்டாளோ என்ற பயம். போனதும் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போங்கள், கிண்டல் தானாக அடங்கும். ஊர் வாய்க்கு அம்மா பயப்படுவதையும் அறியாமை என்று தள்ளிவிடாதீர்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் குடும்பங்கள், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகள். இந்தக் காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் கசாயம் வைப்பார்கள். அப்பா மலையில் வழுக்கி விழுந்தால் தூக்கிக்கொண்டு ஓடுவதும் அதே வம்பு பேசுகிற ஆட்கள்தான். ‘ஊர் ஓடினால் ஒத்து ஓடு’ என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. திருவிழாவுக்குச் சேலை கட்டு, பெரியவர் வந்தால் எழுந்து நில், கோயில் வரியைக் கொடு என்பவற்றுக்கெல்லாம் தாராளமாக ஒத்துப்போங்கள்.

கல்யாணம் அந்த வரிசையில் வராது. மாமா மகன் நல்லவராகவே இருக்கட்டும். இப்படிப்பட்ட நெருக்கடிக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு கணக்கு இருக்கும். உயர்தர வகுப்பு டியூசனுக்கு யார் பணம் கொடுத்தது? சீட்டுக் காசை எடுத்துத் தந்தது யார்? மாமாவாக இருந்தால், அந்த நன்றி அம்மாவின் தொண்டையில் நிற்கிறது, உங்களுக்காகப் பேச விடாது. ஆகவே முதற் சம்பளத்திலிருந்தே அந்தக் காசை மாதாமாதம் திருப்பித் தருகிறேன் என்று மாமாவிடமே நேரில் போய்ச் சொல்லுங்கள். கடன் ஒரு பக்கம், கழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்துவிட்டால் பேச்சின் சூடு பாதி தணியும். மீதிக்கு “எனக்கு விருப்பமில்லை மாமா” என்ற ஒரே வசனம் போதும். காரணங்களை அடுக்காதீர்கள். ஒவ்வொரு காரணத்துக்கும் வீட்டில் ஒரு மறுப்புத் தயாராக இருக்கும்.

அந்த வசனத்தை மாற்றவும் வேண்டாம். ஆஷுக்குப் பின், 1969இல் செர்ஜ் மொஸ்கோவிச்சியும் அவரோடு சேர்ந்தவர்களும் பிரான்ஸில் இதன் எதிர்ப்பக்கத்தை ஆராய்ந்தார்கள்: சிலர் பலரை அசைக்க முடியுமா? ஆறு பேரில் சொல்லிவைக்கப்பட்ட இருவர் நீல நிறப் படத்தைப் பச்சை என்பார்கள். ஒவ்வொரு தடவையும் மாறாமல் அப்படிச் சொன்னபோது, மற்றவர்களின் விடைகளில் 8 சதவீதத்துக்கு மேல் பச்சைக்குச் சாய்ந்தன. இடைக்கிடை மாற்றிச் சொன்னபோது 1 சதவீதத்தைச் சற்றே தாண்டியது. பெரிய எண்ணிக்கை இல்லைதான். ஆனால் கண்ணுக்கு முன்னால் தெரிகிற நீலத்தைப் பச்சை என்று சொல்லியே அவ்வளவு விடைகளை அசைக்க முடியுமென்றால், உங்கள் பக்கம் இருக்கும் உண்மைக்கு அதைவிடப் பலம் உண்டு. ஒரு நாள் கத்திவிட்டு மறுநாள் அழுதுகொண்டு ‘யோசிக்கிறேன்’ என்றால் எல்லாம் போய்விடும்.

வேறு ஒருவர் மனதில் இருக்கிறாரா, அவர் வேறு சாதியா என்றெல்லாம் நான் கேட்கவில்லை. இருந்தால் நெருக்குதல் இன்னொரு மடங்காகும். பொது விவாகச் சட்டப்படி 18 வயது நிரம்பிய இருவரின் சம்மதம் போதும், மாமாவின் கையெழுத்துத் தேவையில்லை. ஆனாலும் உறவுக்குள்ளேயே உங்கள் பக்கம் நிற்கும் ஒரு பெரியவரைத் தேடிக்கொண்ட பிறகு பேச்சைத் தொடங்குங்கள். ஒரு சின்னம்மா போதும்.

கடைசியாக அம்மா. இதில் நான் மழுப்பப்போவதில்லை: அம்மா வரவேண்டும். ஊரை மறைத்ததற்கு இதுவரை விலை கொடுத்தது நீங்கள். போன தூக்கம், சொன்ன சாக்கு எல்லாம் உங்கள் கணக்கில். பேச்சை மாற்றுங்கள், உடையை மாற்றுங்கள், ஊரைச் சொல்லாமல் விடுங்கள், உங்கள் இஷ்டம். அம்மாவை வராமல் நிறுத்தினால் விலையை அவர் கொடுக்கிறார். அந்த இடத்தில் உங்கள் இஷ்டம் முடிந்துவிடுகிறது. இந்த விஷயங்களில் நான் பார்ப்பது இதைத்தான்: மாறுவது யார், அதற்குச் செலவு செய்வது யார்.

தோழிகளிடம் முதல் நாள் இரவே சொல்லிவிடுங்கள்: “நாளைக்கு அம்மா வருகிறார், தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார், சிங்களம் கொஞ்சம்தான் வரும்.” விழா வாசலில் முதன்முதலாகச் சொன்னால் அவர்கள் முகம் மாறும், உங்கள் முகமும் மாறும், இரண்டையும் அம்மா பார்ப்பார். அவருடைய விரல்களில் கொழுந்துக் கறை இருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது என்று அவருக்கும் தெரியும், அதனால் படம் எடுக்கும்போது கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வார். பட்டச் சான்றிதழை அவரிடம் கொடுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். கை வெளியே வந்துதானே ஆகவேண்டும்.

அழைப்பு அட்டை இரண்டு கிடைத்தால் மற்றது அப்பாவுக்கு, மாமாவுக்குக் கொடுத்துச் சமாதானம் பேசாதீர்கள். அம்மாவையும் அப்பாவையும் முதல் நாளே வரச்சொல்லுங்கள். விழாவன்று விடியற்காலை பஸ்ஸில் வந்தால் கினிகத்தேனை, கித்துல்கலை வளைவுகளில் தலைசுற்றி, அவிசாவளை வெயிலில் வாடி, மண்டபத்துக்கு வரும்போது பாதி உயிர்தான் மிஞ்சும். கொட்டாஞ்சேனையிலோ வத்தளையிலோ கடையில் வேலைசெய்யும் உறவுக்காரர் இல்லாத தோட்டக் குடும்பம் அபூர்வம், இரவு அங்கே தங்கட்டும். இரண்டு நாள் பேர், அதாவது நாட்கூலி, போய்விடும் என்று அம்மா கணக்குப் பார்ப்பார். அந்தக் காசை இப்போதே அனுப்பிவிடுங்கள். ஏது என்று கேட்டால் பல்கலைக்கழகம் தந்தது என்று சொல்லுங்கள். அந்த ஒரு பொய்க்கு என் அனுமதி உண்டு.